நாற்பத்திரண்டாவது வரி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். வருஷக் கடைசியில் ஒவ்வொருத்தனும் எத்தனை நாவல் படித்தான், எது தேறியது, எது தேறவில்லை என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியே ஆக வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். நம் நாலு பேரில் பி.எட். முடித்தவன் அவன் ஒருத்தன்தான் என்பதால் நாமும் தலையாட்டி வைத்தோம். "பத்தொன்பது, முடிந்தது" என்று போட்டு, பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படத்தை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத என்ன இருக்கிறது? எழுதினாலும் வாத்தியார் ஒற்றுப்பிழைக்கு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவான்.

ஆனால் ஜனவரியில் என் டார்கெட்டைச் சொன்ன நாளிலிருந்து நீங்கள் மூன்று பேரும் என்னை விட்ட பாடில்லை. வாத்தியார் ஐம்பது என்றான். செல்போன் கடைக்காரன் இருபத்தைந்து. லாரிக்காரன் நாற்பது என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆடியோவில் கேட்டது படித்த கணக்கில் வருமா என்று சண்டை நடந்தது. நான் பத்தொன்பது என்றதும் அந்தச் சண்டையை அப்படியே போட்டுவிட்டு என் மேல் பாய்ந்தீர்கள். "இன்னாடா அது பத்தொம்பது? இருபதுன்னா வாய் வலிக்குதா?" என்று கேட்டது லாரிக்காரன். செருப்புக் கடை விலை மாதிரி ஒண்ணு கம்மி பண்ணி வெச்சிருக்கான் என்றான் செல்போன் கடைக்காரன். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொன்னேன். ஜோசியர் கொடுத்த எண் என்றேன். என்னை வேண்டாம் என்று சொன்ன பெண்களின் எண்ணிக்கை என்றேன். அதை மட்டும் உடனே நம்பினீர்கள்.

நேற்று மத்தியானம் பத்தொன்பதாவதை முடித்தேன். இனிமேல் சொல்வதற்குப் பொய் எதுவும் கையில் இல்லை. இருபத்தெட்டு வயதில் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கிறவனைக் கண்டால் எனக்கே உதைக்கத் தோன்றும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஏழாவது படித்த வருஷம். என் அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். வரிசையில் வரும் ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து, உள்ளே கைவிட்டுத் தடவி, தையலைத் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அப்புறம் செக்கிங் தாளில் பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பிரித்துத் திருத்தினால் தேறும் என்றால் ரீவொர்க். என்ன செய்தாலும் தேறாது என்றால் ரிஜெக்ட். மணிக்கு அறுபது ஜோடி டார்கெட்.

சாயந்திரம் வேனிலிருந்து இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிரித்தாள் என்றால், ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடையில் வீடே பஞ்சர் கடை மாதிரி ஆகிவிடும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, டியூப் மாற்ற வேண்டுமா, காற்று மட்டும் போதுமா என்று கேட்பேன். சீப்பு பறந்து வரும்.

அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில், பைபிளை ஒரே வருஷத்தில் படித்து முடிப்பதற்கான அட்டவணை அட்டையை வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு கட்டம். படித்ததும் டிக். அம்மா அதை பீரோ கதவில் ஒட்டி ஜனவரி முழுக்க விடாமல் டிக் அடித்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் காலை, அடுப்பில் சாதம் கொதிப்பதற்குள் பன்னிரண்டு டிக் விழுந்ததை நான் பார்த்தேன். வெளியே சொல்லவில்லை. அதற்கு அம்மாவிடம் ஒரு முட்டை வாங்கிக்கொண்டேன்.

அக்காவுக்கு அந்த அட்டை ரொம்பப் பிடித்துப் போனது. ஆனால் அவள் டிக் அடிக்க ஆசைப்பட்டது நாவலுக்கு. அறுபது என்றாள். அத்தனை முடியுமா என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மணிக்கு அறுபது ஜோடி பாக்குற கண்ணுப்பா இது. வருசத்துக்கு அறுபது புக்கு பாக்காதா?"

கம்பெனியில் அச்சுத் தப்பாக விழுந்த செக்கிங் தாள்களைக் குப்பையில் போடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துப் போய் அலமாரியில் விரித்துக்கொள்வார்கள். அக்கா ஒரு கத்தைத் தாளை மடித்து, நடுவில் நைலான் நூலால் தைத்து நோட்டாக்கினாள். முதல் பக்கத்தில் 'டார்கெட் 60' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'முடிந்தது' என்று எழுதி, அந்த எண்ணை மட்டும் பென்சிலில் போட்டு வாராவாரம் அழித்து மாற்றுவாள். உள்ளே 'ஸ்டைல் நம்பர்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் நாவலின் நம்பர். அடுத்த மூன்று கட்டங்களில் ஒரு டிக். ஓரத்தில் இருந்த ரிமார்க்ஸ் கட்டத்தில் அவளுடைய அபிப்பிராயம்.

நாவலுக்கு ஏது நம்பர் என்றால், அது லைப்ரரி பாய் செய்த வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய மாத நாவல்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாரே, அவர்தான். அட்டையில் இருக்கும் பெண் படங்களைப் பார்த்தால் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குத் திட்டு விழும் என்று எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, நீல மையில் நம்பர் எழுதிவிடுவார். பாதிக்கு முதல் பக்கமே இருக்காது. அவர் கடையில் எந்தக் கதைக்கும் பெயர் கிடையாது.

சனிக்கிழமை புத்தகம் மாற்றுவது என் வேலை. முந்நூற்றி ஆறு வந்ததா என்று கேட்பேன். "அது குடியாத்தம் போயிருக்குது பேட்டா. நூத்திப் பன்னெண்டு எடுத்துனு போ. உங்கக்கா அழும்" என்பார். அவருக்கு ஒரு கண்ணில் புரை, எழுதினால் வரி கோணிப் போகும். அதனால் நீள ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளிவிடுவார். தேதி, நம்பர், அக்கா பெயர் எல்லாவற்றையும் நானே எழுதுவேன்.

வரும் வழியில் பாலாற்றுப் பாலத்தில் நின்று கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பேன். நான் அந்த வயதில் படித்ததெல்லாம் கடைசிப் பக்கங்கள்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அந்தப் பொண்ணு செத்துட்டா, அவன் ரயில் ஏறிட்டான் என்று அறிவிப்பேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டு துரத்துவாள். முடிவு தெரிந்த புத்தகம் என்பது யாரோ போட்டுக் கழற்றின ஷூ மாதிரி என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து அவள் நோட்டை வாசிப்பாள். தோல் பதனிடும் டேனரியில் ட்ரம் ஓட்டிய அப்பா, சுண்ணாம்பில் வெந்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார். நூற்றி எண்பத்தொன்பது, ரிஜெக்ட்: இடது கால் ஒரு சைஸ், வலது கால் ஒரு சைஸ், இது ரெண்டையும் யார் ஜோடி சேர்த்தது? அது கதாநாயகனையும் கதாநாயகியையும் பற்றியது. இருநூற்றிப் பதினாலு, ரீவொர்க்: வெளியே பளபளப்பு, உள்ளே கைவிட்டால் ஆணி குத்துகிறது. நூற்றிப் பன்னிரண்டு, பாஸ்: தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று தேடினேன், தெரியவில்லை. அந்த வரியில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. பாய் சொன்னபடியே அழுதிருக்கிறாள்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது நாற்பது முடிந்திருந்தது. நாற்பத்தொன்றாவதாக, அவள் நாலு மாதமாகக் காத்திருந்த முந்நூற்றி ஆறு குடியாத்தத்திலிருந்து திரும்பி வந்தது. நான் வழக்கம்போலப் பாலத்தில் நின்று கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளிடம், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கேட்க, முடிவைக் கத்திச் சொன்னேன். அவள் துரத்தவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புத்தகத்தைப் படித்து முடித்தாள். ஆனால் நாலு நாள் என்னிடம் பேசவில்லை. சீப்பை எறிந்திருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன்.

அவளை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. அப்போது கம்பெனிக்கு, ஷூவை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரப்போகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. தரையைத் தேய்த்துக் கழுவினார்கள், புது மாஸ்க் கொடுத்தார்கள், கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா அம்மாவிடம் சொல்வதைக் கேட்டுத்தான் பையர் என்ற சொல்லையே நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை எங்கேயாவது போட வேண்டாமா? அவள் தூங்கி எழுவதற்குள் நோட்டை எடுத்து, நாற்பத்தொன்றுக்குக் கீழே, அவளுடைய குண்டு எழுத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தையே போட்டவனுக்கு அது பெரிய வேலை இல்லை. ஸ்டைல் நம்பர்: எங்கள் சூப்பர்வைசர். டிக்: ரிஜெக்ட். ரிமார்க்ஸ்: மேலே பாலிஷ், உள்ளே வெறும் அட்டை, பையர் பார்த்தால் மொத்த ஆர்டரும் கேன்சல்.

நோட்டை அவள் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். மத்தியானம் லைனில் இருக்கும் அக்காக்கள் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவிட்டு சாயந்திரம் என்னிடம் பேசுவாள். அவ்வளவுதான் என் திட்டம். அந்த நோட்டை அவள் ஒரு நாளும் வீட்டை விட்டு வெளியே கொண்டு போனதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை பிரிக்காமல் இருந்தது. அன்றைக்கு அவள் தலையில் சொல்யூஷன் வாடை இல்லை.

பையர் வருவதால் அந்த வாரம் கேட்டிலேயே பையைச் சோதித்திருக்கிறார்கள். செக்யூரிட்டி நோட்டை எடுத்து ஆபீசில் கொடுத்துவிட்டார். ஹெச்.ஆர். சார் மேசை மேல் வைத்து வரி வரியாக வாசித்தாராம். கம்பெனித் தாள். டார்கெட் அறுபது, முடிந்தது நாற்பத்தொன்று. கம்பெனி ஷூக்களுக்கும் மூன்று இலக்கத்தில்தான் ஸ்டைல் நம்பர். இருநூற்றிப் பதினாலு, உள்ளே ஆணி குத்துகிறது என்று ஒரு செக்கர் எழுதி வைத்திருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? தப்புகளை எல்லாம் குறித்து வைத்து பையரிடம் கொடுக்கப் போகிறாள், இல்லையென்றால் வேறு கம்பெனிக்காரன் சொல்லிச் செய்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். இது நாவல் சார் என்றாளாம். எந்த நாவல், பெயரைச் சொல்லு என்றாராம். நாற்பத்தொன்றில் ஒன்றின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போகாமல் லைப்ரரி பாயிடம் போனார். பாய் கடையைச் சாத்திவிட்டு ரிஜிஸ்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஆபீசில் ரிஜிஸ்டரையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நம்பர், தேதி எல்லாம் பொருந்தியது. முந்நூற்றி ஆறு வரைக்கும் வந்தபோது ஹெச்.ஆர். சாரே சிரித்துவிட்டாராம். அப்போது பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அடுத்த வரியில் விரலை வைத்தார். அதற்கு ரிஜிஸ்டரில் நம்பர் இல்லை.

இது உன் எழுத்து மாதிரி இல்லையே, வேறு யார் எழுதினது, லைனில் உன்கூட யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று, அப்பாவையும் பாயையும் வெளியே அனுப்பிவிட்டு அக்காவைக் கேட்டார்கள். இரண்டு தடவை கேட்டார்கள். அவள் இரண்டு தடவையும் "நான்தான் சார் எழுதினேன்" என்றாள். வேலை போய்விட்டது என்று மட்டும்தான் வீட்டில் சொன்னாள், இதைச் சொல்லவில்லை. நானும் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவளோடு லைனில் நின்ற ஒரு அக்கா சொன்னாள்.

சனிக்கிழமை முந்நூற்றி ஆறைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாய் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளவில்லை. திறந்து வைத்துக்கொண்டு, என் பழைய எழுத்து ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"ர-வோட காலை இப்பிடி இழுக்கறது நீதான் பேட்டா. வாராவாரம் பாக்கறேன். அந்த நாப்பத்தி ரெண்டாவது உன் கை."

"நான் இல்ல பாய்."

"திட்ட மாட்டாங்க. சின்னப் பையன் வெளையாட்டுன்னு வுட்டுடுவாங்க. திங்கக்கெழம காலைல பாலத்தாண்ட நிக்கறேன். என்கூட கேட்டுக்கு வா. ஒரே ஒரு வாட்டி சொல்லு, போதும். புள்ள வேலை திரும்பிக் கெடைக்கும்."

"சத்தியமா நான் இல்ல பாய்."

அவர் ரிஜிஸ்டரை மூடினார். அப்பாவிடம் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை காலை, துண்டில் சுற்றின ரிஜிஸ்டரோடு அவர் பாலத்தடியில் நின்றதை நான் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனேன். செவ்வாய்க்கிழமையும் நின்றார். புதன்கிழமை மழை. குடை பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மூன்று நாளும் நான் உங்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். பேசிக்கொண்டே இருக்கிறேன் என்று கணக்கு சார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இப்போது தோன்றுகிறது, அவர் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். தானாக வருவான் என்று நம்பினார். சின்ன வயதில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு மரியாதையாகத் தப்புக் கணக்குப் போட்டதில்லை.

வியாழக்கிழமை பையர்கள் வந்து போனார்கள். அதற்குள் அக்காவின் இடத்தில் வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். நோட்டு ஆபீசிலேயே இருந்துவிட்டது. அக்கா வேறு கம்பெனிகளுக்குப் போய்ப் பார்த்தாள். முன்னால் எங்கே வேலை செய்தாய் என்று கேட்டு, போன் போட்டு விசாரித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அம்மாவுக்குக் காரணம் சுலபமாகக் கிடைத்தது. தேவ வசனம் படிக்க வேண்டிய நேரத்தில் கதைப் புத்தகம் படித்ததற்குக் கிடைத்த தண்டனை என்றாள். பீரோ கதவில் அவளுடைய அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முட்டை வாங்கித் தின்றவன் என்ன பேசுவது? அன்றோடு லைப்ரரி நின்றது.

தை மாதம் திருப்பத்தூர்ப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. அங்கே கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகங்களை மூட்டையாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்புவார்கள், கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். பதினைந்து வருஷமாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அதைத்தான் தைக்கிறாள். ஊசியைத் தள்ளித் தள்ளி வலது ஆள்காட்டி விரல் நுனி ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. தடிமனான கண்ணாடி போட்டிருக்கிறாள்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு நாவல் வாங்கிப் போனேன். புதுசு. அட்டை, பெயர் எல்லாம் இருந்தது. அவள் வாங்கி, புத்தகத்தின் முதுகைக் கட்டைவிரலால் தடவி, வளைத்துப் பார்த்து, நடுவில் கைவிட்டுத் தையலைப் பார்த்தாள். அப்புறம் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"கண்ணு புடிக்கல தம்பி. முடிவு இன்னான்னு சொல்லிடு, அது போதும்" என்றாள்.

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போட்ட கணக்குதான் உங்களை வருஷம் முழுக்கச் சிரிக்க வைத்தது. அறுபதில் நாற்பத்தொன்று போனால் பத்தொன்பது. எங்கள் கம்பெனியிலும் செக்கிங் தாள் குப்பைக்கு வருகிறது. எடுத்து மடித்து நைலான் நூலால் தைத்தேன். நாற்பத்திரண்டிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை அந்த வரியில் நிஜமான நாவல். எந்தப் புத்தகத்துக்கும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

அபிப்பிராயம் சொல்லாவிட்டால் வாத்தியார் விடமாட்டான். நாற்பத்தாறு, ரீவொர்க்: தோல் நல்ல தோல், நூறு பக்கம் நீளம், குதிகால் தேய்கிறது. ஐம்பத்தொன்று, லாரிக்காரன் சிபாரிசு, ரிஜெக்ட்: மன்னித்துக்கொள் மச்சி, நீ கேட்டுக்கொண்டே தூங்கியிருப்பாய். ஐம்பத்தெட்டு, பாஸ்: கேன்டீனில் உட்கார்ந்து படித்து அழுதேன், சாம்பாரில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அறுபதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது அக்கா எழுத வேண்டியது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். பையில் கேக் டப்பாவுக்கு அடியில் இந்த நோட்டை வைத்திருந்தேன். கேக்கை எடுத்துக் கொடுத்தேன், பிரியாணி தின்றேன், மாமாவைக் கிண்டல் செய்தேன், நோட்டோடு திரும்பி வந்தேன். இன்னும் ஒரு நாவல் பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று அதுவும் முடிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? பதினைந்து வருஷமாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டு இப்போது டேபிள் மேல் இருக்கிறது.

இதுதான் என் வருஷக் கணக்கு. பாஸா, ரிஜெக்டா, நீங்களே டிக் அடியுங்கள்.

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்று காட்டியது. வாத்தியாரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது:

"ரீவொர்க்டா, அக்காகிட்ட போய் சொல்லிட்டு வந்து கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி எழுது."